மூன்று விநாடி பொறுத்தால் என்ன?

ஆசிரியருக்கு வணக்கம்.

நான் ஆசிரியர் பயிற்சி மாணவி. விடுமுறை நிறைய கிடைக்கும் என்றுதானே இந்த வேலைக்கு வருகிறாய் என்று கேட்கிறார்கள். இல்லை. புரியாமல் விழித்த ஒரு பிள்ளையின் முகம் சட்டென்று தெளிந்ததைப் பயிற்சி வகுப்பில் பார்த்துவிட்டேன், அப்புறம் வேறு வேலை மனதில் நிற்கவில்லை.

பொறுமை, நேர்மை என்று கரும்பலகையில் எழுதிப்போட்டால் பிள்ளைகளுக்குப் பண்பு வந்துவிடாது, ஆசிரியரே வகுப்பில் பொறுமையாக நடந்து காட்ட வேண்டும். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக 1 விநாடிதான் காத்திருக்கிறார்கள், 3 விநாடியாவது பொறுத்தால் பதில்கள் நீள்கின்றன, தயங்கும் பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று அமெரிக்க ஆய்வாளர் மேரி பட் ரோ 1970களிலேயே எழுதினார். நானும் அவசரப்பட்டு அடுத்த பிள்ளையிடம் தாவியிருக்கிறேன், முதல் பிள்ளை தலைகுனிந்தது இன்னும் உறுத்துகிறது. பாடத்திட்டம் வகுப்பவர்கள் தயவுசெய்து இந்தக் காத்திருப்புக்கும் நேரம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வருங்கால ஆசிரியை