வேதியியல் ஆய்வகத் திருப்பணி நிறைவு அறிக்கை

முன்னாள் மாணவர் சங்க உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

நம் பள்ளியின் வேதியியல் ஆய்வகத்தைச் சீரமைக்கும் வேலை நிறைவடைந்துவிட்டது. கோயில் வேலையைத்தானே திருப்பணி என்போம், லேபுக்கு அந்தப் பெயர் எதற்கு என்று பொதுக்குழுவில் ஓர் உறுப்பினர் கேட்டார். கலந்து பேசிவிட்டு அந்தச் சொல்லையே வைத்துக்கொண்டோம். பிள்ளைகள் தொட்டுப் பார்த்துப் படிக்கிற இடத்தைச் செப்பனிடுவது எங்களுக்குக் குறைந்த காரியமாகத் தோன்றவில்லை.

லேப் இருந்த நிலை உங்களில் பலருக்குத் தெரியும். செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய பழைய மதராஸ் தளக் கூரை மூன்று இடங்களில் ஒழுகியது. மர மேசைகள் உளுத்துப்போயிருந்தன. திரவத்தை அளக்கும் கண்ணாடிக் குழாய்களான பியூரெட்டும் பிப்பெட்டும் பிளஸ் டூ செய்முறைத் தேர்வு நெருங்கும்போது மட்டும் அலமாரியை விட்டு வெளியே வரும். ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அந்த வாசல்படியை மிதித்ததே இல்லை. முதல் கூட்டத்திலேயே வேதியியல் ஆசிரியை ஒரு வேண்டுகோள் வைத்தார்: "சார், புதுசா கட்டிப் பூட்டி வைக்கிறதுக்கு இவ்வளவு பணம் வேண்டாம். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் உள்ளே வர்ற மாதிரி செய்து கொடுங்க." அதனால்தான் கட்டட வேலைக்கு ஒதுக்கியது போலவே பாடச் செயல்பாடுகளுக்கும் தனியாக ஒரு தொகை ஒதுக்கினோம்.

முதல் வேலை தளமும் சுவரும். சிமென்ட் பூசி முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தோம். பழைய கட்டடங்களில் வேலை செய்து பழகிய கொத்தனார் ஒருவர் வேண்டாமென்று தடுத்தார். சுண்ணாம்பால் கட்டிய சுவரின் மேல் சிமென்டைப் பூசினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சு பெயர்ந்துவிடும் என்றார். அவர் சொன்னபடி சுண்ணாம்பு, மணல், கடுக்காய் ஊறிய தண்ணீர், வெல்லம் என்று பழைய முறையிலேயே பூசினோம். செலவும் நாளும் கூடின. ஆனால் இந்த முடிவுதான் திருப்பணியையே ஒரு பாடமாக மாற்றியது. குழு எடுத்த முடிவுகளில் எங்களுக்கு மிகவும் நிறைவு தந்தது இதுதான்.

சுட்ட சுண்ணாம்புக் கல் வந்திறங்கிய அன்று ஒன்பதாம் வகுப்பை வெளியே அழைத்து வந்தார் ஆசிரியை. ஒரு மண்சட்டியில் கைப்பிடி அளவு கல். மேலே கொஞ்சம் தண்ணீர். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு கல் வெடித்துப் பொரிந்து, ஆவி பறந்து, சட்டி தொடமுடியாத அளவுக்குச் சூடானது. அடுப்பும் இல்லை, நெருப்பும் இல்லை, சூடு எங்கிருந்து வந்தது? வெப்ப உமிழ் வினை என்று புத்தகத்தில் ஒரு வரியாக இருந்ததை அன்று நாற்பது பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் எல்லாருக்கும் கண்ணாடி கொடுத்து, கயிறு கட்டித் தள்ளி நிறுத்திய பிறகே தண்ணீர் ஊற்றினோம்.

மறுநாள் சட்டியில் தெளிந்து நின்ற நீரை வடிகட்டிச் சோதனைக்குழாய்களில் ஊற்றிக் கொடுத்தார்கள். உறிஞ்சுகுழல் வழியாக மெல்ல ஊதியதும் தெளிந்த நீர் பால்போல வெளுத்தது. மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடு அதில் கரைந்திருந்த சுண்ணாம்பைக் கால்சியம் கார்பனேட்டாக மாற்றிவிட்டது. விடாமல் ஊதிக்கொண்டே இருந்த ஒரு மாணவியின் குழாயில் அது மறுபடியும் தெளிந்துவிட்டது. கார்பனேட்டு இன்னும் வாயுவைச் சேர்த்துக்கொண்டு, நீரில் கரையும் பைகார்பனேட்டாக மாறியதால் வந்த தெளிவு அது. குழாயில் சில நிமிடங்களில் நடந்த அந்த முதல் மாற்றம்தான் நம் லேப் சுவரில் மாதக்கணக்கில் நடக்கிறது. காற்றிலுள்ள அதே வாயுவை வாங்கி வாங்கிப் பூச்சு கல்லாக இறுகுகிறது.

அதையும் பிள்ளைகள் சோதித்தார்கள். பூசிய அன்றே அதே கலவையில் சிறு வில்லைகள் செய்து வைக்கச் சொல்லியிருந்தோம். சில வாரங்களுக்கு ஒருமுறை ஒரு வில்லையை உடைத்து, உடைந்த முகத்தில், காரம் பட்டால் இளஞ்சிவப்பாகும் பினால்ப்தலீன் கரைசலைச் சொட்டுகிறார்கள். நடுவில் இளஞ்சிவப்பு, ஓரத்தில் நிறமே இல்லை. ஓரத்திலிருந்த காரம் தீர்ந்து கார்பனேட்டாகிவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. ஒவ்வொரு முறையும் அந்த நிறமற்ற ஓரத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுகிறார்கள். இந்தப் பதிவை அடுத்த ஆண்டு ஒன்பதாம் வகுப்பு தொடரும்.

மற்ற வேலைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறோம். மேசைகளுக்குக் கடப்பா கல் போட்டாயிற்று. வயரிங் முழுக்கப் புதிது. எக்ஸாஸ்ட் ஃபேன் இரண்டு. கண் கழுவ வாசலருகே தனிக் குழாய். வாயால் உறிஞ்சும் பழக்கத்தை ஒழிக்க எல்லாப் பிப்பெட்டுக்கும் ரப்பர் பல்பு வாங்கியிருக்கிறோம். ஒரு தவறும் நடந்தது. சிங்கின் கழிவுநீருக்கு முதலில் ஜி.ஐ. குழாய் பொருத்திவிட்டார்கள், நாங்களும் கவனிக்கவில்லை. சில மாதங்களிலேயே அமிலம் துத்தநாகப் பூச்சை அரித்து, இரும்பையும் ஓட்டையாக்கியது. பி.வி.சி. குழாய்க்கு மாற்றிய செலவு கணக்கில் தனி வரியாக இருக்கிறது. அரித்த குழாய்த் துண்டைத் தூக்கி எறிய ஆசிரியை விடவில்லை. அமிலமும் உலோகமும் பாடம் நடக்கும்போது அது கை மாறி கை மாறிச் சுற்றி வருகிறது.

இனி வகுப்புகள். ஆறாம் வகுப்பு ஆரத்தியில் தொடங்குகிறது. மஞ்சள் கரைத்த நீரில் சுண்ணாம்பு போட்டால் சிவக்கும் என்று எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். ஏன் என்று யாரும் கேட்டதில்லை. அந்தச் சிவப்பு நீரில் எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரும்ப மஞ்சளாவதைப் பார்த்ததும் வகுப்பே எழுந்து நின்றுவிட்டது. அடுத்து சங்குப்பூச் சாறு: புளித்தண்ணீரில் ஊதா, சோப்புத் தண்ணீரில் பச்சை. வீட்டிலிருந்து மோர், துவைக்கும் சோடா, திருநீறு என்று கொண்டுவந்து சோதித்துப் பார்க்கிறார்கள். லிட்மஸ் தாள் அதற்கப்புறம்தான் வருகிறது. பதநீர்ப் பானைக்குள் சுண்ணாம்பு தடவுவது எதற்கு என்று கேட்டால், நொதித்துக் கள்ளாகாமல் இருக்க என்று பனையேறும் வீட்டுப் பையன் சொல்லிவிடுகிறான். அன்று வகுப்பில் அவன்தான் ஆசிரியர்.

ஒன்பதாம் வகுப்புக்குத் தனிம அட்டைகள் அச்சடித்தோம். ஒவ்வொரு அட்டையிலும் அணு நிறை, அடர்த்தி, ஆக்சைடின் வாய்பாடு இருக்கும். சில அட்டைகளை ஆசிரியை வேண்டுமென்றே எடுத்து ஒளித்துவிடுவார். பிள்ளைகள் வரிசைப்படுத்தும்போது இடைவெளி விழும். அங்கே வரவேண்டியது எப்படி இருக்கும் என்று அவர்களே கணிக்க வேண்டும். 1869-ல் தனிம அட்டவணையை வெளியிட்ட ரஷ்ய வேதியியலாளர் மெண்டலீவும் இப்படித்தான் இடம் விட்டார். அலுமினியத்துக்குக் கீழே வரவேண்டிய தனிமத்தின் அடர்த்தி கன சென்டிமீட்டருக்குச் சுமார் 5.9 கிராம் என்று கணித்தார். 1875-ல் பிரான்சில் அந்தத் தனிமம் கிடைத்தது; அதுதான் காலியம். கண்டுபிடித்தவர் அளந்ததோ 4.7. மெண்டலீவ் விட்டுக்கொடுக்காமல் மறுபடி அளக்கச் சொன்னார். இன்னும் தூய்மைப்படுத்தி அளந்தபோது 5.9 வந்தது. இந்தக் கதையை முன்கூட்டியே சொல்லாமல், பிள்ளைகளின் கணிப்பு கரும்பலகைக்கு வந்த பிறகு சொல்கிறார்கள். காலியம் 30 டிகிரிக்குச் சற்று முன்பே உருகும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் குப்பிக்குள்ளேயே நீராகிவிடும் என்றதும் அதை வாங்கித் தரச்சொல்லி ஒரே கூச்சல்.

எண்ணி முடியாத துகள்களை எடையால் எண்ணும் மோல் பாடத்துக்குப் பத்தாம் வகுப்பில் பச்சைப்பயறு. நூறு பயறை எண்ணி எடைபோட்டு, ஒரு குவளைப் பயறை எண்ணாமலேயே எடையிலிருந்து கணக்கிடுகிறார்கள். பிறகு அளவு உருளையில் 18 மி.லி. தண்ணீர்: இதில் 6.022 × 10²³ மூலக்கூறுகள், அதாவது ஒரு மோல். தண்ணீரை மின்சாரத்தால் பிரிக்கும் மின்னாற்பகுப்புக்கு 9 வோல்ட் பேட்டரியும் பென்சில் கரியும் போதும். சமையல் உப்பைப் போட்டால் குளோரின் வரும் என்பதால் சமையல் சோடா சேர்க்கிறோம்.

எளிய பொருட்களைக் கொண்டு நடத்துவதைச் சிக்கனம் என்று யாரும் எண்ண வேண்டாம். மத்தியப் பிரதேசத்தில் 1972-ல் 16 பள்ளிகளில் தொடங்கிய ஹோசங்காபாத் அறிவியல் திட்டம் கிராமத்துப் பிள்ளைகளைத் தாங்களே சோதனை செய்து விடை தேடவைத்தது. குழுவில் இருவர் அதைப் படித்துவிட்டு வந்து சொன்ன பிறகுதான் கண்ணாடிச் சாமான் பட்டியலை நாங்கள் பாதியாகக் குறைத்தோம்.

முடியாமல் நிற்கும் வேலைகள் இரண்டு. நச்சு வாயுக்களை வெளியே இழுத்துவிடும் புகைப்போக்கிப் பெட்டி வாங்கப் பணம் போதவில்லை. அது வரும்வரை ஹைட்ரஜன் சல்பைடு தயாரிப்பது இல்லை என்று ஆசிரியர்களோடு பேசி முடிவு செய்திருக்கிறோம். அந்த வாயுவைத் தயாரிக்கப் பயன்பட்டு, அழுகிய முட்டை நாற்றத்தோடு உங்கள் நினைவில் இருக்கும் கிப் உபகரணம் இப்போது கழுவிக் காட்சிக்கு மட்டும் வைக்கப்பட்டிருக்கிறது. இரண்டாவது, பெயர்ச்சீட்டு உதிர்ந்த பழைய ரசாயனப் பாட்டில்கள். சாக்கடையில் கொட்டக்கூடாது என்பதால், பாதரச வெப்பமானிகளோடு சேர்த்துத் தனி அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோம். முறையாக அப்புறப்படுத்தும் பொறுப்பைக் குழுவே ஏற்றிருக்கிறது.

வரவு செலவுக் கணக்கு தணிக்கையாகித் தனித்தாளாக இணைக்கப்பட்டுள்ளது. ரசீதுகளைப் பள்ளி அலுவலகத்தில் எந்த வேலை நாளிலும் பார்க்கலாம். சாமானாகக் கொடுத்தவர்கள், உடலுழைப்புத் தந்தவர்கள் பெயரும் பணம் தந்தவர்களின் பட்டியலிலேயே அகர வரிசையில் இருக்கிறது. மீதித் தொகை சங்கக் கணக்கில் இருக்கிறது. புகைப்போக்கிப் பெட்டிக்கு அல்லாமல் வேறெதற்கும் அதை எடுப்பதில்லை என்று தீர்மானம் போட்டிருக்கிறோம்.

சனிக்கிழமை காலையில் லேப் திறந்திருக்கும். வரும்போது வீட்டில் சங்குப்பூ இருந்தால் பறித்துக்கொண்டு வாருங்கள். ஆறாம் வகுப்புக்கு எவ்வளவு இருந்தாலும் பற்றவில்லை.

இப்படிக்கு,
திருப்பணிக் குழுவினர்