ஈர நோட்டைத் தேய்த்துக் கொடுத்த கைகளுக்கு

எல்லாருக்கும் வணக்கம்.

எங்கள் பிள்ளைகளைப் பள்ளிக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போகிற அண்ணன் நேற்று காலையில் எழுந்து உட்கார்ந்தார். இரண்டு இட்லி சாப்பிட்டார். சாப்பிட்டுக் கை கழுவியதும் கேட்ட முதல் கேள்வி, "வண்டி எங்க நிக்குது?" என்பதுதான். அதைக் கேட்ட பிறகுதான் இந்த மடலை எழுத எனக்குக் கை வந்தது. பதினொரு நாளாக எழுத உட்கார்வதும் இரண்டு வரியில் அழுகை வந்து எழுந்து போவதுமாக இருந்தேன், தாமதத்துக்கு மன்னித்துக்கொள்ளுங்கள்.

அண்ணனின் ஆட்டோ கவிழ்ந்த அந்த வளைவில் நடந்ததைத் திரும்ப எழுதப்போவதில்லை. உங்களில் பாதிப் பேர் அன்று ராத்திரி முழுக்கப் போனில் எங்களோடுதான் இருந்தீர்கள், என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும்.

எதற்காகப் போனோம் என்று தெரியாதவர்கள் யாராவது இருந்தால் மட்டும் சொல்லிவிடுகிறேன். மூன்று ஆட்டோ, பதினொரு பேர், ஆறு நாள். எங்கள் பிள்ளைகள் படிக்கும் சிறப்புப் பள்ளிக்குச் சக்கர நாற்காலியோடு ஏற்றிக்கொள்கிற மாதிரி ஒரு வேன் வேண்டும், அதற்காக ஊர் ஊராகப் போய்க் கேட்பது என்று கிளம்பினோம். கார் ஏற்பாடு செய்து தருகிறேன் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நாங்கள்தான் ஆட்டோவிலேயே போவோம் என்றோம், ஏனென்றால் தினமும் எங்கள் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு போகிற வண்டிகள் இந்த மூன்றும்தான். என் மகனுக்குப் பன்னிரண்டு வயது, இன்னும் கழுத்து சரியாக நிற்காது. வீட்டிலிருந்து பள்ளிவரை எங்கெங்கே வேகத்தடை இருக்கிறது, எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்பதெல்லாம் அண்ணனுக்கு மனப்பாடம். பத்தடி முன்னாலேயே வண்டியை நடைவேகத்துக்குக் கொண்டுவந்து, இடது கையைப் பின்னால் நீட்டிப் பிள்ளையின் நெஞ்சில் ஒரு நொடி வைத்துக்கொண்டு தாண்டுவார். ஏழு வருஷமாக. கோடை லீவில் மற்ற சவாரிகளை எல்லாம் விட்டுவிட்டு எங்களோடு வந்த மூன்று அண்ணன்மாரில் அவரும் ஒருவர். அதனால்தான் அன்று ராத்திரி எனக்கு உலகமே நின்றுபோன மாதிரி இருந்தது.

இப்போது சொல்ல வந்ததைச் சொல்கிறேன்.

வண்டி கவிழ்ந்தபோது பின்சீட்டுக்கு அடியில் ஒரு பெரிய எவர்சில்வர் சம்படம் இருந்தது. ஐந்து நாள் கிராமங்களில் கையில் கொடுத்த பணம் அத்தனையும் அதில்தான். போனில் அனுப்பியவர்கள் பணம் நேராக வங்கிக் கணக்குக்குப் போய்விட்டது. சம்படத்தில் இருந்தது பத்தும் இருபதும் ஐம்பதும். நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள், பெட்டிக்கடைக்காரர்கள், இடுப்புச் சுருக்குப்பையில் இருந்து எடுத்துக் கொடுத்த அப்பத்தாக்கள், இப்படிப்பட்டவர்களுடைய பணம். அதோடு யார் யார் எவ்வளவு கொடுத்தார்கள் என்று எழுதிய நோட்டுப் புத்தகமும். ஆம்புலன்ஸ் வந்தது, அண்ணனை ஏற்றினோம், பின்னாலேயே ஓடினோம். சம்படம் என்று ஒன்று இருந்ததே எங்கள் பதினொரு பேரில் ஒருத்தருக்கும் நினைவில் இல்லை.

காலை ஆறு மணிக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். தெரியாத நம்பரிலிருந்து போன். "தாயி, வண்டி பேனர்ல இந்த நம்பர் போட்டிருந்துச்சு. அந்தத் தம்பி எப்படி இருக்காப்ல?" என்று முதலில் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், "உங்க பணம் இங்க பத்திரமா இருக்கு, அதை நினைச்சுப் பதறாதீங்க, காய வச்சுக்கிட்டு இருக்கோம்" என்றார்.

எந்தப் பணம் என்று எனக்கு விளங்கவே ஒரு நிமிஷம் ஆனது.

மத்தியானம் டாக்டர் வந்து, பயமில்லை என்று சொன்ன பிறகு நானும் என் வீட்டுக்காரரும் போனோம். திருப்பத்தூருக்கும் கீழச்சிவல்பட்டிக்கும் இடையில் ஒரு ஊர். பெயரைப் போட வேண்டாம் என்று போன் செய்த ஐயா கேட்டுக்கொண்டதால் போடவில்லை. வேப்பமரத்தடியில் தகரக் கொட்டகை, ஒரு மேசை, கரி போட்டுத் தேய்க்கிற பித்தளை இஸ்திரிப் பெட்டி. அறுபத்தைந்து வயது இருக்கும் ஐயாவுக்கு. அவர் மனைவி தரையில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தார், மடிக்குப் பக்கத்தில் ஒரு சட்டி நிறையத் தண்ணீர்.

நாங்கள் ஆம்புலன்ஸ் பின்னால் போன பிறகு ஐயா டார்ச் எடுத்துக்கொண்டு வாய்க்காலில் இறங்கியிருக்கிறார். கோடை மழைதான், ஆனாலும் முழங்கால் தண்ணீர். சம்படம் மூடி திறந்து கிடந்திருக்கிறது. நோட்டெல்லாம் செம்மண் சேற்றில், கருவேலம் புதரில், வரப்பில். இரண்டு பேருமாகப் பதினொரு மணிவரை பொறுக்கியிருக்கிறார்கள். பிறகு விடிய விடிய நோட்டுகளைக் காய வைக்கிற வேலைதான், நாங்கள் போனபோதும் அது முடியவில்லை.

அந்த வேலையை நான் கண்ணால் பார்த்தேன், அதனால் கொஞ்சம் விவரமாகவே எழுதுகிறேன். ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்ட நோட்டுகளை அம்மா அப்படியே பிய்க்கவில்லை. சட்டித் தண்ணீரில் திரும்ப முக்கி, மூலையில் நகத்தை வைத்து, நெல்லில் உமியை நீக்குவது போல அத்தனை மெதுவாகப் பிரிக்கிறார். சேறு போக அலசுகிறார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. காவியும் பழுப்புமாக இருந்தால் பத்து, நீலம் ஐம்பது, ஊதா நூறு என்று நிறத்தை வைத்துத்தான் பிரித்து வைக்கிறார். ஐயா அவற்றைப் பழைய வேட்டி மடிப்புக்குள் வைத்து முதலில் ஈரத்தை ஒற்றி எடுக்கிறார். பிறகு மேசையில் பரப்பி, மேலே ஒரு மெல்லிய துணி. பெட்டியின் அடியில் இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்துச் சூடு பார்க்கிறார். அப்புறம் அழுத்தாமல், பெட்டியின் கனம் நோட்டில் இறங்காதபடி கையில் தாங்கிப் பிடித்துக்கொண்டு ஒரே இழுப்பு. நோட்டில் இருக்கும் கம்பி சுருங்கிவிடுமாம், அதனால் அந்த இடத்தில் மட்டும் பெட்டியை லேசாகத் தூக்கிக்கொள்கிறார். தேய்த்ததைச் செங்கல்லுக்கு அடியில் வைக்கிறார். கிழிந்திருந்த நோட்டுகளுக்குப் பின்னால் வெள்ளைத்தாள் ஒட்டி, சோற்றுக் கஞ்சி தடவியிருந்தது. கரி வாசம், கஞ்சி வாசம், ஈரக் காகிதத்தின் வாசம் எல்லாம் சேர்ந்து, இப்போது இதை எழுதும்போதும் மூக்கில் நிற்கிறது.

நோட்டுப் புத்தகத்தையும் விடவில்லை. ஒவ்வொரு பக்கத்துக்கும் நடுவில் தினத்தாளைக் கிழித்து வைத்து விசிறிபோல விரித்து நிறுத்தியிருந்தார்கள்.

"எவ்வளவு இருந்துச்சுய்யா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். "எண்ணலை. எண்ணுறது உங்க வேலை, காய வைக்கிறதுதான் எங்க வேலை" என்றார் ஐயா.

அங்கேயே உட்கார்ந்து எண்ணினோம். புத்தகத்தில் 23,840 ரூபாய் என்று கூட்டியிருந்தேன். சம்படத்தில் 23,800 இருந்தது. நாற்பது ரூபாய்தான் குறைகிறது என்று நாங்கள் கும்பிட்டுவிட்டு வந்தோம். மூன்றாம் நாள் அம்மாவிடமிருந்து போன். வாய்க்காலில் தண்ணீர் வற்றியதாம், ஆடு மேய்க்கப் போனபோது கருவேலம் முள்ளில் இன்னொரு பத்து ரூபாய் மாட்டிக்கொண்டு இருந்ததாம், அடுத்த தடவை வரும்போது வாங்கிக்கொள்ளச் சொன்னார்.

அந்தப் பத்து ரூபாயை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது. உயிருக்குப் போராடுகிறவரைத் தூக்க ஆள் ஓடிவருவார்கள், அது நம் பக்கத்து ஊர்களில் இன்றும் உண்டு, அன்றும் வந்தார்கள். ஆனால் எல்லாரும் போன பிறகு, யாரும் பார்க்காத இருட்டில், யாருடையது என்றே தெரியாத பணத்தைப் பொறுக்கி எடுத்து, அலசி, தேய்த்து வைக்க வேண்டும் என்று ஏன் தோன்றியது? கேட்டேன். "பத்து பத்தா இருந்துச்சு தாயி. பத்து பத்தா குடுத்தவுக எல்லாம் எங்களை மாதிரி ஆளுக" என்றார் அம்மா.

மற்ற எல்லாருக்கும் தனித்தனியாக எழுதினால் ஒரு புத்தகமே ஆகிவிடும், அவ்வளவு பேர். அன்று ராத்திரி பைக் வெளிச்சத்தைக் காட்டிக்கொண்டு நின்ற இளைஞர்கள். 108 வண்டியில் அண்ணனின் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்த தங்கை. காரைக்குடியிலிருந்து ரத்தம் கொடுக்க ராத்திரியோடு ராத்திரியாக வந்த ஆறு கல்லூரிப் பிள்ளைகள், உங்கள் அம்மாக்களிடம் நான் பேச வேண்டும். வளைந்த முன் போர்க்கை நிமிர்த்தி, புதுப் படுதா போட்டு, கூலி வாங்காமல் வண்டியைக் கொடுத்த பட்டறைக்காரர். ஆத்தங்குடியில் தரைக்கல் வார்க்கிற அண்ணன்மார். கண்ணாடித் தட்டின் மேல் அச்சு வைத்து வர்ணக் கலவை ஊற்றிக்கொண்டிருந்த நேரத்தில் நாங்கள் போய் நின்றோம். ஊற்றியதைப் பாதியில் விட முடியாது என்று எங்களை நிற்கவைத்துவிட்டு, முடித்த கையோடு அன்றைய டீக்காசு முழுவதையும் சம்படத்தில் போட்டார்கள். கொள்ளுக்குடிப்பட்டி மக்கள். கோடையில் வேட்டங்குடிக் கண்மாயில் பறவைகள் இல்லைதான், ஆனாலும் பறவைகள் பயந்துவிடும் என்று தீபாவளிக்கே வெடி போடாத ஊர் என்பதால் ஊர் எல்லையிலேயே நாங்கள் மைக்கை அணைத்துவிட்டோம். சத்தமில்லாமல் வந்தோம் என்பதற்காகவே வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனார் ஒரு பெரியவர். சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் அனுப்பிய சொந்தங்கள், பள்ளியின் ஆசிரியைகள், அண்ணன் வீட்டுக்குப் பதினொரு நாளும் முறை வைத்துச் சோறு கொண்டுபோன தெருக்காரர்கள். எல்லாருக்கும் கைகூப்பி நன்றி.

கானாடுகாத்தானில் ஒரு ஆச்சி வீட்டு முகப்பில் உட்கார்ந்திருந்தபோது சொன்னார்கள். அவர்கள் அப்பச்சி பர்மாவில் கடை வைத்திருந்த காலத்தில், கணக்கு எழுதும்போதே மகமை என்று தருமத்துக்குத் தனியாக ஒரு பங்கு எடுத்து வைத்துவிடுவார்களாம், மிச்சம் இருந்தால் கொடுப்போம் என்று விடுவதில்லை. அன்று அதைக் கேட்டுக்கொண்டு மோர் குடித்துவிட்டு வந்துவிட்டேன். இப்போது எங்கள் வீட்டு மளிகைக் கணக்கு நோட்டில் முதல் வரியில் மகமை என்று எழுதியிருக்கிறேன். மாதம் இருநூறு ரூபாய். என் மகன் பள்ளிக்குப் போகிற நாள்வரைக்கும், அதற்குப் பிறகும், அந்த வரி அங்கே இருக்கும். இது நான் எல்லார் முன்னாலும் சொல்கிற வாக்கு.

ஒரு உதவி வேண்டும். நோட்டுப் புத்தகத்தில் ஒரே ஒரு பக்கம் மை பேனாவில் எழுதியது, அது கரைந்துவிட்டது. தொகை தெரிகிறது, ஏழு பெயர்கள் தெரியவில்லை. நான்காம் நாள் மாலை, பிள்ளையார்பட்டியில் கொடுத்தவர்கள். இதைப் படிப்பது நீங்களாக இருந்தால், அல்லது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், சொல்லி அனுப்புங்கள். வேன் வருகிற அன்று எல்லாப் பெயர்களையும் படிப்போம் என்று சொல்லியிருக்கிறோம், ஏழு பேரை விட்டுவிட்டுப் படிக்க மனசு வரவில்லை. வேன் வந்ததும் முதல் ஓட்டம் அந்த வேப்பமரத்தடிக்குத்தான். அண்ணன்தான் ஓட்டுவேன் என்கிறார், டாக்டர் சரி சொல்லட்டும்.

கடைசியாக இன்னொரு வீட்டுக்கும் நன்றி சொல்ல வேண்டும். நாங்கள் போன அன்று கொட்டகை ஓரத்தில் ஒரு மூட்டை தேய்க்காமல் கிடந்தது. புதுச் சட்டைகள், பட்டு வேட்டிகள். கல்யாண வீட்டுத் துணி, மறுநாள் காலையில் முகூர்த்தம். பையன் ஒருவன் வந்து ஐயாவிடம் என்ன ஆச்சு என்று கேட்டான், மேசையில் பரப்பியிருந்த நோட்டுகளைப் பார்த்தான், எங்களையும் பார்த்தான். "சரி, ராத்திரி வந்து வாங்கிக்கிறேன் பெரியப்பா" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் திருப்பிக்கொண்டு போனான். எந்த வீடு என்று கேட்க மறந்துவிட்டேன். உங்கள் வீட்டு மாப்பிள்ளையும் பெண்ணும் நன்றாக இருக்க வேண்டும்.