ஆட்டுப்பட்டிக்குப் பெரிய காவல்நாய் வாங்க முன்

ஆசிரியர் அவர்கட்கு,

வன்னியில் ஆட்டுப்பட்டி வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி இது: கங்கால், கொக்கேசியன் மாதிரி ஒரு பெரிய நாயை வாங்கிக் கட்டினால் நரியும் கட்டாக்காலி நாய்களும் தரும் தொல்லை தீருமா? முகநூலில் குட்டி விற்பவர்கள் தீரும் என்றே எழுதுகிறார்கள். அந்த விளம்பரங்களில் இல்லாத சில விடயங்களைத் தங்கள் பத்திரிகை ஊடாகச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது, "வாங்கிக் கட்டினால்" என்பதே பிழை. துருக்கியின் கங்கால், பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடைப்பட்ட மலைகளின் பிரனீஸ் நாய், இத்தாலியின் மரெம்மா, கொக்கேசிய மலைநாய் ஆகிய எல்லாமே ஓநாயும் கரடியும் திரியும் நாடுகளில் மந்தையோடு இரவு பகலாகக் கிடப்பதற்கென்று தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுக்கப்பட்டவை. சங்கிலியில் கிடக்கும் நாய் மந்தையைக் காக்காது. அது வருவோர் போவோர் எல்லோரிலும் பாயப் பழகும். 45 முதல் 70 கிலோ வரை நிறையுள்ள ஒரு நாய் அப்படிப் பழகினால் அதை ஒருவர் தனித்துப் பிடிக்க முடியாது.

அடுத்தது வெக்கை. இவற்றில் பலவற்றுக்கு இரண்டு அடுக்கு மயிர். கங்காலுக்கு மயிர் குட்டை என்பதால் வெயிலை ஓரளவு தாங்கும். நமீபியாவில் சிவிங்கிப்புலியிடமிருந்து ஆடுகளைக் காக்க 1994 இலிருந்து இந்த வகை நாய்களைப் பண்ணையாளர்களுக்குக் கொடுத்து வருகிறார்கள். ஆனால் அங்கே இருப்பது வறண்ட வெயில், இங்கே இருப்பது புழுக்கம். நாய் பெரும்பாலும் நாக்கைத் தொங்கவிட்டு இளைத்துத்தான் உடற்சூட்டை வெளியேற்றும். காற்றில் ஈரலிப்புக் கூடும்போது அந்த இளைப்பால் அதிகம் பயனில்லை. நாயின் இயல்பான வெப்பநிலை 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். 41 ஐத் தாண்டினால் மூளை, ஈரல், சிறுநீரகம் எல்லாம் பழுதாகத் தொடங்கும். கண் சொருகி, ஈறு கடும் சிவப்பாகி, நடை தள்ளாடினால் உடனே நிழலுக்குக் கொண்டுபோய்க் கிணற்றுத் தண்ணீரை உடல் முழுவதும், குறிப்பாக வயிற்றிலும் தொடை இடுக்கிலும், ஊற்றிக்கொண்டே விசிற வேண்டும். பலர் செய்வதுபோல் ஈரச்சாக்கைப் போர்த்தி விடக்கூடாது, அது சூட்டை உள்ளே அடைத்துவிடும். 39.5 க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். மயிரை ஒட்ட வழித்துவிட்டால் குளிர்ச்சி என்று நினைப்பதும் தவறு. மேல்மயிர்தான் வெயிலைத் தடுக்கிறது. உள்மயிரைத்தான் கிழமைக்கு இரண்டு மூன்று தரம் சீவி எடுக்க வேண்டும். மாரியில் அந்த உள்மயிர் நனைந்து காயாமல் கிடந்தால் தோல் வெந்து புண்ணாகி இலையான் மொய்க்கும். இரண்டொரு நாளில் புழு வைத்துவிடும்.

சாப்பாட்டுச் செலவைப் பலர் குறைத்தே கணக்கிடுகிறார்கள். பட்டியைச் சுற்றி வேலை செய்யும் 60 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 2,400 முதல் 3,000 கலோரி வரை வேண்டும். கடைத்தீனி என்றால் அது 700 முதல் 850 கிராம், அதாவது 20 கிலோப் பை ஒன்று ஒரு மாதத்துக்குக் காணாது. இரண்டு கிலோ சோற்றிலும் அந்தக் கலோரி வரும், ஆனால் புரதம் போதாது. வயிறு நிரம்பியிருக்க, முதுகிலும் தொடையிலும் தசை கரையும். சோற்றோடு அவித்த மீன், கோழித் துண்டு, ஈரல், முட்டை எல்லாம் சேர்த்து அரைக் கிலோவுக்குக் குறையாமல் வேண்டும். அவித்த கோழி எலும்பு கூடாது, உடைந்து குடலைக் கிழிக்கும். தண்ணீர் சாதாரண நாளில் 3 முதல் 4 லீற்றர், வெக்கைக் காலத்தில் அதன் இரண்டு மடங்கு.

குட்டிக் காலத்தில் நடக்கும் பிழை வேறு. பெரிய இனக் குட்டி 18 முதல் 24 மாதம்வரை வளரும். சீக்கிரம் பெருக்கட்டும் என்று அளவுக்கு மிஞ்சித் தீனி போட்டு, கல்சியம் குளிசையும் கொடுப்பார்கள். ஆறு மாதத்துக்கு உட்பட்ட குட்டியின் குடலுக்குக் கூடுதலான கல்சியத்தை மறிக்கத் தெரியாது. எலும்பு கோணி, முழங்கை, இடுப்பு மூட்டுகள் பழுதாகும். தடவிப் பார்த்தால் விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும், அதுவே சரியான உடல்.

மருந்தில்தான் அதிக நாய்கள் வீணாகின்றன. பூச்சிக் குளிசை பெரும்பாலும் 10 கிலோவுக்கு ஒன்று. 60 கிலோ நாய்க்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு "மருந்து பிடிக்கவில்லை" என்றால் மருந்தில் பிழையில்லை, ஆறு கொடுத்திருக்க வேண்டும். ஆட்டுப்பட்டி நாய்க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை நாடாப்புழு மருந்து அவசியம். செத்த ஆட்டின் தலையைப் பச்சையாக நாய் தின்றால் அதன் குடலில் ஒரு நாடாப்புழு வளரும். அதன் முட்டை புல்லோடு திரும்ப ஆட்டுக்குப் போய் மூளையில் நீர்க்கட்டியாகும், ஆடு தலையைச் சரித்துக்கொண்டு வட்டமாகச் சுற்றும். மாடு கன்று போட்டு விழும் இளங்கொடியையும் நாய்க்கு விடாமல் புதையுங்கள். மாடுகள் கரு சிதைக்கும் ஒரு நோய் நாயின் மலத்தால் பரவும்.

புழுவுக்கும் உண்ணிக்கும் மாட்டுக்கு ஏற்றும் ஐவர்மெக்டின் மருந்தை நாய்க்கும் ஏற்றிப் பார்க்கும் பழக்கத்தைத் தயவுசெய்து விடுங்கள். மாட்டு மருந்தில் ஒரு மில்லிலீற்றரில் 10 மில்லிகிராம் இருக்கிறது. இதயப்புழுத் தடுப்புக்கு 60 கிலோ நாயின் மாத அளவு 0.36 மில்லிகிராம்தான், அதாவது ஒரு துளி. மாட்டுக் கணக்கில் 50 கிலோவுக்கு 1 மில்லிலீற்றர் என்று ஏற்றினால் முப்பது மடங்குக்கும் மேல் உள்ளே போகிறது. அளவைக் கால்நடை வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும். அடர்ந்த மயிருக்குள் உண்ணி கண்ணுக்குத் தெரியாது. காதின் உட்புறம், விரலிடுக்கு, முன்னங்கால் இடுக்கு என்று கையால் தடவித்தான் தேட வேண்டும். காய்ச்சல், வெளிறிய ஈறு, தேயிலைச்சாயம் போன்ற சிறுநீர், மூக்கில் இரத்தம் ஆகியவற்றில் எது கண்டாலும் உண்ணிக்காய்ச்சல் என்று சந்தேகித்து அன்றே இரத்தம் பரிசோதிக்க வேண்டும்.

விசர்நாய்த் தடுப்பூசி ஒவ்வொரு வருடமும் வேண்டும். நரியோடு கடிபட்டால், ஊசி போட்ட நாயாக இருந்தாலும், காயத்தைச் சவர்க்காரத்தால் 15 நிமிடம் கழுவி உடனே மீண்டும் ஊசி ஏற்ற வேண்டும். கழுவுபவர் கையுறை போடாமல் தொடக்கூடாது. வயல் வாய்க்காலில் திரியும் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசியும் தேவை, ஏனென்றால் அது மனிதருக்கும் தொற்றும்.

நெஞ்சு ஆழமான பெரிய நாய்களுக்கு வயிறு முறுக்கிக்கொள்ளும் ஆபத்து உண்டு. வயிறு பறை போல் ஊதி, சத்தி எடுக்க எத்தனித்தும் ஒன்றும் வராமல், எச்சில் ஒழுக அந்தரப்பட்டால் சில மணித்தியாலங்களுக்குள் சத்திரசிகிச்சை செய்ய வேண்டும். பேராதனைப் பல்கலைக்கழகக் கால்நடைப் போதனா வைத்தியசாலை மாங்குளத்திலிருந்து ஏ-9 வீதியில் 200 கிலோமீற்றருக்கு மேல். 60 கிலோ நாயை முச்சக்கரவண்டியில் ஏற்ற இரண்டு பேர் வேண்டும். எனவே ஒரே நேரத்தில் பெருந்தீனி போடாமல் காலையும் மாலையும் பிரித்துக் கொடுத்து, தின்றபின் ஒரு மணித்தியாலம் ஓடவிடாமல் வைத்திருப்பதுதான் நாம் செய்யக்கூடியது.

காவலும் இரத்தத்தோடு தானாக வந்துவிடாது. எட்டுக் கிழமைக் குட்டியைப் பட்டிக்குள்ளேயே, ஆடுகள் மணந்து பார்க்கக்கூடிய கம்பி மறைப்புக்கு அப்பால் வைத்து, பதினாறு கிழமைக்குள் ஆட்டோடு பிணைய விட வேண்டும். அந்தக் காலம் வீட்டு விறாந்தையில் கழிந்தால் அது வீட்டு நாய்தான். அதற்காக மனிதர் தொடாமலும் விடக்கூடாது. தினமும் வாய், காது, பாதம் பார்த்து, கழுத்துப்பட்டியில் நடத்திப் பழக்காத நாய்க்குப் பிறகு ஊசிகூடப் போட முடியாது. ஐந்து மாதத்திலிருந்து ஒரு வயதுவரை விளையாட்டாக ஆட்டைத் துரத்தும், காதைக் கடிக்கும், குட்டி ஆட்டைக் கொன்றும் விடும். அப்போது முட்டக்கூடிய பெரிய கிடாய்களோடு மட்டும் விடுங்கள். ஒன்றரை, இரண்டு வயதுக்கு முன் ஈனும் மறிகளோடு தனியே விட வேண்டாம்.

எங்கள் காணிகளின் ஐந்து வரி முட்கம்பி இந்த நாயை மறிக்காது. இரவில் மைல் கணக்கில் சுற்றும், விடியும்வரை குரைக்கும். அயலவரோடு முன்கூட்டியே பேசுங்கள், பிரதேச சபையில் பதியுங்கள், படலையில் எச்சரிக்கைப் பலகை போடுங்கள். ஆனால் பெரிய ஆபத்து வெளியேதான்: பன்றிக்கு வைத்த சுருக்குக் கம்பி, பன்றிவெடி, கண்ணிவெடி இன்னும் அகற்றப்படாத காணிகள். யானை வரும் ஊர்களில் இன்னொன்றும் உண்டு. நாய் யானையைப் பார்த்துக் குரைக்கும், யானை துரத்தினால் ஓடிவருவது தன்னை வளர்த்தவரிடம்தான். ஆகவே பட்டியைச் சுற்றி ஐந்து அடி உயரத்தில் வலைக்கம்பி அடிக்க வசதியில்லாதவர்கள் இந்த இனத்தை வாங்கவே கூடாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

அமெரிக்காவின் நவாஹோ மக்கள் இனப்பெயர் இல்லாத கலப்பு நாய்க்குட்டிகளையே ஆட்டுக்கொட்டிலில் வளர்த்து மந்தையைக் காத்திருக்கிறார்கள். எங்கள் ஊர் நாய் 20 கிலோ அளவுதான், சிறுத்தையைத் தனித்து மறிக்காது. ஆனால் நரிக்கும் கட்டாக்காலி நாய்க்கும் இரண்டு நாய் சேர்ந்து குரைத்தாலே பெரும்பாலும் போதும். ஆட்கள் எழும்பி வெளிச்சம் பிடிக்கவும் நேரம் கிடைக்கும். வெக்கையும் சோறும் அதற்குப் பழக்கம். தாய் நாய் ஆடுகளைத் துரத்தாததா என்று பார்த்து, அதன் எட்டுக் கிழமைக் குட்டிகளில் ஆட்டைக் கண்டால் பாயாமலும் பயந்து ஒளியாமலும் மெல்லப் போய் மணந்து படுக்கும் குட்டியை எடுங்கள். இரண்டாவது குட்டியை ஒரு வருடம் கழித்து எடுங்கள், முதல் நாய் அதற்குப் பழக்கிக் கொடுக்கும்.

இப்படிக்கு,
ஆடு, மாடு வளர்ப்போர் சிலர்,
ஒட்டுசுட்டான்.