ஏ.எல் சோதினை மூண்டாம் ஷை (மூண்டாந்தரம்) எழுதப்போற மகளுக்கு

மகள்,

போன்ல கதைக்கேக்க நீ "சரியம்மா சரியம்மா" எண்டு சொல்லிப்போட்டு வச்சிடுறாய், அதான் இத இருந்து எழுதுறன், கிளாஸ் முடிஞ்சு வந்து ஆறுதலா வாசி, பெரியம்மாட்ட காட்டத் தேவையில்ல.

முதல்ல நான் ஒண்ட ஒத்துக்கொள்ளோணும். உன்ர முதல் ஷை ரிசல்ட் வந்த கிழமை பத்திரகாளி அம்மன் கோயில் வாசல்ல ஆரோ ரிசல்ட் கேக்க, நான் "ஒரு ஏ, ரெண்டு பி" எண்டு சொல்லிட்டன். பயோ ஏ, கெமிஸ்ட்ரி எஸ், பிசிக்ஸ் எஸ், எஸ் எண்டா வெறும் பாஸ், அதான் உண்மை. நீ எனக்குப் பின்னால அர்ச்சனைத் தட்டோட நிண்டனீ. ஒண்டும் சொல்லேல்ல, வீட்ட வந்தும் சாப்பிடேல்ல. ரெண்டாம் ஷைக்கு "பயோ ஏ, கெமிஸ்ட்ரி பி" எண்டு சொல்லிட்டு நீ அறைக்க போயிட்டாய், பிசிக்ஸ் எஸ் எண்டத நான் பேந்து போன்ல தனியாத்தான் பாத்தன். ஒளிக்கிற பழக்கத்த உனக்குப் பழக்கினது நான்தான் மகள். பிழை என்னில.

இன்னொண்டும் இருக்கு. நான் ஏ.எல் எழுதினது 1994ல, அப்ப பயோவுக்கு நாலு பாடம், தாவரவியல் விலங்கியல் இரசாயனவியல் பௌதிகவியல். 90ல இடம்பெயர்ந்து போய் ரெண்டு மூண்டு பள்ளிக்கூடம் மாறி வந்து எழுதின சோதினை. தாவரவியல்ல ஏ, விலங்கியல்ல பி, இரசாயனவியல்ல சி, பௌதிகத்தில எஃப், பெயில். உனக்கு இவ்வளவு நாளும் வசதி இல்லாமப் போச்சு எண்டுதான் சொல்லி வச்சிருக்கிறன். வசதி இல்லாதது மெய்தான், ஆனா அந்த எஃப்ப பாத்த உடன புத்தகங்கள சாக்கில கட்டி மேல போட்டதும் மெய். ஏன் எஃப் வந்தது எண்டு ஒரு நாளும் நான் தேடிப் பாக்கேல்ல. மிட்வைஃப் வேலை கிடைச்சதில எனக்கு ஒரு குறையும் இல்ல, இந்த ஊர்ல எத்தின பிள்ளைகள் என்ர கையால நிறுத்து வளந்ததுகள், ஆனா அந்தத் தேடாம விட்டது மட்டும் இண்டைக்கும் குத்துது.

யுனிவர்சிட்டிக்கு ஆக்கள எடுக்கப் பாக்கிற இந்த இசட் ஸ்கோர் எண்டது எனக்கு விளங்கினது எங்கட கிளினிக்கில பிள்ளைகளின்ர நிறை குறிக்கிற கார்டாலதான். நீ சின்னனில என்னோட வந்து பாத்திருக்கிறாய், மாமரக் கொப்பில தராசக் கட்டி, பிள்ளைய வைக்க முதல் முள்ளு சைபர்ல நிக்குதோ எண்டு பாப்பன், நீ "பிழையா நிண்டா என்னம்மா" எண்டு கேப்பாய். பேந்து பிசிக்ஸ் புத்தகத்தில பூச்சிய வழு படிக்கேக்க ஓடி வந்து "அம்மா இது உங்கட தராசு" எண்டு காட்டினனீ, ஞாபகமா? அந்தக் கார்டில இருக்கிற கோடுகளும் இசட் ஸ்கோர்தான். நடுக்கோட்டில இருந்து எவ்வளவு தள்ளி நிக்கிறாய் எண்ட கணக்கு. உங்கட சோதினையிலயும் அந்த வருசம் அந்தப் பாடம் எழுதின எல்லாரின்ர சராசரியையும் உன்ர மார்க்ஸில கழிச்சு, நியம விலகலால, மார்க்ஸ் எவ்வளவு பரந்து கிடக்குது எண்ட அளவால, பிரிச்சு, மூண்டு பாடத்தையும் கூட்டி மூண்டால பிரிக்கிறாங்கள். ஒரு மாசம் காய்ச்சல் வந்து நிறை இறங்கினா நான் தாய ஏசுறதில்ல. கோடு எந்தப் பக்கம் போகுது எண்டுதான் பாப்பன், பேந்து ஏன் இறங்கினது எண்டு கேப்பன். உன்ர டிஸ்ட்ரிக்ட் ரேங்க் முதல் ஷையவிட பாதியாக் குறைஞ்சிருக்கு. அது ஏறுற கோடு.

எஸ் எண்டா 35ல இருந்து 54 மட்டும், அவ்வளவு அகலம். 36 எடுத்தவளும் எஸ், 54 எடுத்தவளும் எஸ், ஆனா இசட் ஸ்கோர்ல ரெண்டு பேருக்கும் எவ்வளவோ தூரம். அதால அந்த எழுத்தப் பாத்து அழாத. போன கிழமை உன்ர மேசைய துடைக்கேக்க நீ விட்டுட்டுப் போன பிசிக்ஸ் மொடல் பேப்பர் எல்லாத்தையும் எடுத்து வச்சு, இரவு பத்து மணி தாண்டி எண்ணிப் பாத்தன். எனக்கு விடை தெரியாது, ஆனா எண்ணத் தெரியும். விடை தெரிவு செய்யிற எம்.சி.கியூ 50க்கு ரெண்டு மணித்தியாலம், நீ எல்லாப் பேப்பர்லயும் 38, 40 கேள்வியோட நிக்கிறாய், கடைசிப் பத்தும் வெறும் குத்து. ஸ்ட்ரக்சர்ட் நாலும் வடிவா எழுதியிருக்கிறாய். எஸேயில ஆறில நாலு எழுதோணும், நீ ஒரு பேப்பர்லயும் மூண்டத் தாண்டேல்ல, மூண்டாவதும் பாதியில நிக்குது. எழுதின இடமெல்லாம் சரி போட்டுக் கிடக்கு மகள்! தெரியாம எஸ் வரேல்ல, நேரம் காணாம வந்திருக்கு. ஒரு கணக்கில மாட்டினா விடமாட்டாய், அது உன்ர குணம், சின்னனில சட்டை பட்டன் போடேக்கயும் அப்பிடித்தான். அங்க படிப்பிக்கிற சேரிட்ட இதச் சொல்லு, "எனக்குப் பிசிக்ஸ் வராது" எண்டு சொல்லாம "நான் நாலாவது எஸேக்குப் போறேல்ல" எண்டு சொல்லு.

மாவட்டக் கோட்டாவில கம்பஸுக்குப் போறது எண்டு அங்க ஆரோ நக்கலா சொன்னதெண்டு பெரியம்மா சொன்னா. மெடிசின் இடங்கள்ல 40 வீதம் முழு நாட்டுக்கும் மெரிட், 55 வீதம் மாவட்டத்துக்கு மாவட்டம், மிச்சம் 5 வீதம் பின்தங்கின மாவட்டங்களுக்கு, அதில எங்கட திருகோணமலையும் இருக்கு. நீ ஒரு தவணை முழுக்க பிசிக்ஸ் டீச்சர் இல்லாம இருந்து படிச்சனீ. அந்தக் குறைக்குத்தான் அந்த முறை. தலை குனியிற விசயம் இல்ல.

பிசிக்ஸ் எஸ் பிரச்சினையே இல்ல, வெளிநாட்டில எம்.பி.பி.எஸ் எடுக்கலாம் எண்டு ஒரு ஏஜென்சிக்காரர் வீட்ட வந்தவர், அப்பா காணி உறுதிய எடுத்து மேசையில வச்சிட்டார். நான் ரெண்டு கேள்விதான் கேட்டன், அந்த யுனிவர்சிட்டிய எங்கட மெடிக்கல் கவுன்சில் ஏற்றுக்கொண்டிருக்கோ, திரும்பி வந்து இஞ்ச டாக்டராப் பதியிறதுக்கு எழுதிற ஈ.ஆர்.பி.எம் சோதினைக்கு என்ன செய்யிறது எண்டு. அவர் தேத்தண்ணி குடிச்சிட்டு போட்டார். உறுதி திரும்ப அலுமாரிக்க.

மூண்டாந்தரத்தோட கம்பஸுக்கு எடுக்கிற வாய்ப்பு முடியுது, அது எனக்கும் பயம்தான், பொய் சொல்லேல்ல. இசட் ஸ்கோர் கொஞ்சத்தால விட்டா எங்கட கோணேசபுரிக் கம்பஸில சித்த மருத்துவம் இருக்கு, நேர்சிங் டிகிரி இருக்கு, பிசியோ இருக்கு, அதுகள நீ விரும்பினா விண்ணப்பப் போம்ல உன்ர ஒழுங்கில போடு, ஆக்களுக்குச் சொல்லுறதுக்காகப் போடாத. நான் இனி ஆரும் கேட்டா உள்ளதத்தான் சொல்லுவன். நேற்று சந்தையில ஒரு டீச்சர் கேட்டவ, "பிசிக்ஸ் எஸ், திரும்ப எழுதுறா" எண்டன். சொல்லி முடிய என்ர நெஞ்சு லேசாப் போச்சு.

நாளைக்கு யாழ்ப்பாண பஸ்ல கொண்டக்டர்ட்ட ஒரு பார்சல் குடுத்து விடுறன். கருவாடும் பருத்தித்துறை வடை மாதிரி நான் சுட்டதும் இருக்கு, அந்த மொடல் பேப்பர் எல்லாத்தையும் ஃபைல்ல போட்டு மேல வச்சிருக்கிறன், நீ நிண்ட இடத்தில பென்சிலால கோடு போட்டிருக்கு. அதோட என்ர பழைய கைமணிக்கூடும் இருக்கு, சோதினை ஹோலுக்கு கட்டிக்கொண்டு போ. ரெண்டு நிமிசம் முந்தி ஓடும், திருத்தாத.

அம்மா