தேக்கு வேறு, சோலை வேறு

அன்புள்ள சாந்தா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. அண்ணன் தடியில்லாமல் வாசல்வரை நடக்கிறார் என்று படித்தபிறகுதான் எனக்கு மனசு ஆறியது. இங்கே எல்லோரும் சுகம். தோப்பில் இந்த வருடம் காய் குறைவு, வெள்ளை ஈ விடுவதாக இல்லை. சின்னவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கியிருக்கிறோம். அதை நேரில் பேசுவோம்.

போன ஞாயிற்றுக்கிழமை டாப்சிலிப் போய், காட்டுக்குள் ஐந்து மணி நேரம் நடந்துவிட்டு வந்தேன். ஒரு பக்கமாக ஏறி, மறுபக்கமாக இறங்கி, கிளம்பிய இடத்துக்கே வந்து சேரும் வழி. எட்டாம் வகுப்பில் சுற்றுலா போய்வந்து, "நாங்கள் கண்ட காடு" என்று கட்டுரை எழுதினோமே, நினைவிருக்கிறதா? அன்றைக்கு நாம் கண்டது காடே இல்லை, சாந்தா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

சேத்துமடைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பிளாஸ்டிக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் விட்டார்கள். 2007இல் ஆனைமலைப் புலிகள் காப்பகம் ஆனபிறகு நினைத்தபடி உள்ளே நடக்க முடியாது. வனத்துறை அனுமதி வேண்டும், வழிகாட்டியும் கூட வரவேண்டும். எங்களுடன் வந்தவர் மலசர் பழங்குடி இளைஞர், என் பெரியவன் வயதுதான் இருக்கும்.

முதல் அரை மணி நேரம் தேக்கு. வரிசை பிடித்து நட்டவை, எல்லாம் ஒரே உயரம். மார்கழி முடியும் சமயமாதலால் இலை பாதி கொட்டிவிட்டது. அடியெடுத்து வைத்தால் அப்பளம் நொறுங்குகிற சத்தம். தலைக்கு மேல் சுள்ளென்று வெயில். நாம் அன்று பார்த்ததும் இதைத்தான். வெள்ளைக்காரன் காலத்தில் மரத்தை வெட்டி, உச்சியிலிருந்து சரித்துவிட்ட இடம் என்பதால்தான் டாப்சிலிப் என்ற பெயரே வந்தது. அப்படி மொட்டையான மலையில் மறுபடியும் தேக்கை வளர்த்தவர் ஹியூகோ வுட் என்ற வெள்ளைக்கார வனத்துறை அதிகாரி. விதையைப் பையில் போட்டுக்கொண்டு, கைத்தடியால் குழி குத்தி விதைத்துக்கொண்டே நடப்பாராம். 1933இல் இறந்தவரை அங்கேயே புதைத்திருக்கிறார்கள். நினைவுச் சின்னத்தைத் தேடினால் சுற்றிலும் பார் என்ற பொருளில் லத்தீனில் ஒரு வரி கல்லறையில் இருக்கிறது. அந்த மனிதர்மேல் எனக்குப் பெரிய மதிப்பு உண்டு. ஆனாலும் நட்ட தோப்பு தோப்புதான்.

அப்புறம் ஏற்றம் தொடங்கியது. யாரும் நடாமல் தானாக வளர்ந்த கரியன்சோலைக் காட்டுப் பக்கம் திரும்பியதும் வெளிச்சம் சட்டென்று குறைந்துவிட்டது. காலடியில் சத்தமே இல்லை, இலையெல்லாம் ஈரத்தில் மக்கி மெத்தையாகக் கிடக்கிறது. தேக்கில் வியர்த்துக் கொட்டிய எனக்கு அங்கே முந்தானையைப் போர்த்திக்கொள்ளலாம் போல் இருந்தது. ஓடையைத் தாண்டும்போது கணுக்காலில் இரண்டு அட்டை. வேர்களே படியாக, செங்குத்தாகப் போகிறது வழி. இருபது அடிக்கு ஒருமுறை நின்றேன். "அக்கா, உச்சியப் பாக்காதீங்க, அடுத்த வேரைப் பாருங்க" என்றார் அந்தத் தம்பி. அப்படித்தான் ஏறினேன்.

மேலே கருமந்தி ஒன்று எங்களைப் பார்த்துக் குரல் கொடுத்தது. எங்கள் அப்பாருக்கு இழுப்புக்கென்று கருங்குரங்கு லேகியம் வாங்கி வருவார்களே, அந்தக் குரங்கு. பளபளக்கும் கறுப்பு உடம்பும் பழுப்புத் தலையுமாக அது கிளையில் உட்கார்ந்திருந்ததைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. இதைக் கொன்றா லேகியம் கிண்டினார்கள்! 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்ததால் இதாவது மிஞ்சியது.

கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேல் ரயில் போகிற மாதிரி சத்தம். இருவாச்சி! சிறகடிப்பே அவ்வளவு சத்தம். பெட்டை மரப்பொந்துக்குள் புகுந்து, ஒரு கீறல் மட்டும் விட்டு வாசலை அடைத்துக்கொண்டு முட்டையிடுமாம். ஆண்தான் பழம் கொண்டுவந்து அந்தக் கீறல் வழியே ஊட்டும். அவ்வளவு பெரிய பறவை நுழையும் பொந்து உண்டாக மரத்துக்கு எத்தனை வயதாகியிருக்கவேண்டும், யோசித்துப் பார். வரிசையில் நட்ட தேக்கில் அதற்கு வீடு கிடைக்காது. அத்தியும் ஆலும் கிழட்டு மரங்களும் சேர்ந்து நின்றால்தான் அதற்குப் பிழைப்பு.

இறக்கம்தான் என்னை வாட்டியது. ஏறும்போது மூச்சுதான் வாங்கியது, இறங்கும்போது முட்டி கழன்றுவிடும் போலிருந்தது. தம்பி ஒரு கம்பு ஒடித்துக் கொடுத்து, பக்கவாட்டில் கால் வைத்து இறங்கச் சொன்னார். வழியில் யானை லத்தி கிடந்தது. தொட்டுப் பார்த்துவிட்டு, எங்களைக் கால் மணி நேரம் பேசாமல் நிற்கவைத்தார். யானை கண்ணில் படவில்லை. மூங்கில் ஒடிகிற சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுபடி தேக்குக்குள் வந்தபோது, வீட்டுக்குள்ளிருந்து வாசலுக்கு வந்தது போல் இருந்தது.

உன்னால் தை மாதம் வர முடியுமா? மாசி பிறந்து காடு காய்ந்துவிட்டால், தீப் பயத்தில் நடக்க விடமாட்டார்கள். அண்ணனைப் பார்த்துக்கொள்ள உன் மருமகள் இருக்கிறாள்தானே? நல்ல செருப்பெல்லாம் வேண்டாம், பிடிப்புள்ள ஷூ ஒன்று வாங்கிக்கொள். கம்பை நான் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
மகேசு