அப்பாவுக்கு, கமாய்ஷியிலிருந்து

கமாய்ஷி, இவாத்தே, ஜப்பான்
10.8.2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். அங்கே எல்லோரும் நலமா? தம்பியை உட்காரவைத்து இதை முழுக்க வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். போனில் சுனாமிப் பேச்சை எடுத்தாலே "சரி சரி, சாப்பிட்டியா" என்று மாற்றிவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம்.

போன மாதம் 30-ஆம் தேதி, ஜப்பானுக்குச் சுனாமி என்று டிவியில் ஓடியதைப் பார்த்துவிட்டு நீங்கள் விடாமல் கூப்பிட்டிருக்கிறீர்கள். ராத்திரிதான் என்னால் போனை எடுக்க முடிந்தது. "எந்நேரமும் ஆடிக்கிட்டே கெடக்குற நாட்டுல உனக்கு என்னம்மா வேலை, கெளம்பி வந்துடு" என்றீர்கள். அப்போது பதில் சொல்லத் தெம்பு இல்லை. இப்போது சொல்கிறேன்.

அன்று காலை எட்டரை மணி வாக்கில் ரஷ்யாவின் கம்சாட்கா பக்கம் கடலுக்கடியில் 8.8 அளவில் நிலநடுக்கம். இங்கே எனக்கு எதுவும் தெரியவில்லை. காலைச் சாப்பாடு முடிந்து பாட்டிகளுக்கு மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்துக்கு மேல் கழித்து, 3 மீட்டர் வரை அலை வரலாம் என்று எச்சரிக்கை வந்தது. எல்லோருடைய போனும் ஒரே சமயத்தில் அலறியது. தெருவில் இருக்கும் ஒலிபெருக்கியும் சேர்ந்துகொண்டது.

நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லம் மலைச்சரிவின் அடியில் இருக்கிறது. சக்கர நாற்காலியைப் பின்னாலிருந்து தள்ளி மேட்டில் ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று ஆயாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன உங்களுக்குத் தெரியும். இங்கே நாற்காலியின் முன்பக்கம் மாட்டுவதற்கு நீளமாக இரண்டு கம்பிகள் வைத்திருக்கிறார்கள். அதை மாட்டிவிட்டால் முன்சக்கரம் தரையை விட்டுத் தூக்கிக்கொள்ளும், ரிக்‌ஷா மாதிரி முன்னாலிருந்து இழுத்துக்கொண்டே ஏறலாம். யார் யாரை இழுப்பது, படுக்கையில் இருப்பவர்களை எந்த வேனில் ஏற்றுவது என்பதெல்லாம் முன்பே தீர்மானித்தது. ஒத்திகை பார்த்தது. அதனால் அந்த நேரத்தில் யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை. நான் இழுத்துப்போன பாட்டிக்கு 88 வயது. நல்ல வெயில். அன்றைக்குத்தான் இந்த நாட்டில் ஒரு இடத்தில் 41.2 டிகிரி பதிவாகி, அதுவரை இல்லாத உச்சம் என்றார்கள். மேலே போய் ஈரத்துண்டை ஒவ்வொருவர் கழுத்திலும் போட்டுவிட்டு, தண்ணீர் கொடுத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தோம்.

கடைசியில் வந்தது என்ன? இதே இவாத்தேயில் குஜி துறைமுகத்தில் 1.3 மீட்டர். அன்று அளந்ததில் அதுதான் பெரிது. ராத்திரி ஒன்பது மணி வாக்கில் எச்சரிக்கையைக் குறைத்தார்கள். கரையோரம் முழுவதும் சுமார் 20 லட்சம் பேரை மேட்டுக்குப் போகச் சொல்லியிருந்தார்கள். எல்லா ஊரிலும் எல்லோரும் போனார்கள் என்று சொல்லமாட்டேன். தெற்கே மியே மாநிலத்தில் தப்பிப் போகும் வழியிலேயே கார் பள்ளத்தில் விழுந்து ஒரு பெண் இறந்துபோனார். ஓடுவதிலும் ஆபத்து இருக்கிறது. ஆனால் எங்களோடு மேலே இருந்தவர்களில் ஒருவர்கூட "வீணாக அலைந்தோம்" என்று சொல்லவில்லை. "நல்லவேளை, வரலை" என்று சொல்லிக்கொண்டே இறங்கினார்கள்.

அதைக் கேட்டதும் எனக்கு 2012 ஏப்ரல் ஞாபகம் வந்தது அப்பா. சுமத்ராவுக்கு அந்தப் பக்கம் 8.6 என்று சொல்லி நம் ஊரில் எல்லோரையும் கிளப்பினார்களே. நாமும் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினோம். கடல் சும்மா கிடந்தது. திரும்பி வந்து நீங்கள் வலைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, "இனிமே எவன் சொன்னாலும் ஓடறதா இல்லை" என்றீர்கள். பக்கத்து வீட்டு மாமாவும் அதையேதான் சொன்னார். உங்கள் அந்த வார்த்தைதான் எனக்கு இங்கே உட்கார்ந்து பயமாக இருக்கிறது, இந்த ஊர் நிலநடுக்கம் அல்ல.

நீங்கள் பயம் அறியாதவர் இல்லை. நாகை துறைமுகத்தில் மூன்றாம் எண் கூண்டு ஏற்றிவிட்டால் படகை எடுக்கமாட்டீர்கள். கஜா வந்தபோது கூண்டு எண்ணைக் கேட்டே கூரையில் கயிறு கட்டினீர்கள். புயல் வருஷா வருஷம் வருகிறது, காற்றில், மேகத்தில், நீரோட்டத்தில் அடையாளம் காட்டுகிறது, உங்கள் உடம்புக்கே அது தெரியும். சுனாமி அப்படியில்லை. ஒரு ஆயுளில் ஒரு தடவை பார்த்தாலே அதிகம். 2004 டிசம்பர் 26 காலை ஆறரைக்குச் சுமத்ராவில் ஆடியது, நம்மிடம் அலை வரும்போது இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. அத்தனை நேரமும் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் மீன் விற்றுக்கொண்டிருந்தோம். சொல்ல ஆள் இல்லை. நாகை மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். இப்போது ஹைதராபாத்தில் எச்சரிக்கை மையம் இருக்கிறது, 2007-லிருந்து வேலை செய்கிறது. சொல்ல ஆள் வந்தாயிற்று, ஆனால் கேட்பதற்கு நாம் தயாரா?

இந்த ஊர்க்காரர்கள் பிறக்கும்போதே இப்படி இல்லை. இந்தக் கரையில் 1896-இல் வந்த சுனாமியில் சுமார் 22 ஆயிரம் பேர் செத்தார்கள். தப்பியவர்களில் சிலர் மேட்டில் வீடு கட்டினார்கள். அப்புறம் படகுக்குத் தூரம், மீன் காயவைக்க இடமில்லை என்று ஒவ்வொருவராகக் கீழே இறங்கிவிட்டார்கள். 1933-இல் திரும்ப வந்தது. சுனாமி குடியிருப்பு தூரமாக இருக்கிறது, படகைப் பார்க்க முடியவில்லை என்று நம்மவர்கள் சொன்னதைத்தான் இவர்களும் சொல்லியிருக்கிறார்கள்.

2011 மார்ச் 11 மத்தியானம் 2:46-க்கு 9.0 அளவில் ஆடியது. முதல் எச்சரிக்கையில் இவாத்தேக்கு 3 மீட்டர் என்று சொன்னார்கள். சுவர் அதைவிட உயரம், தாங்கிவிடும் என்று நிறையப் பேர் வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். பிறகு 6 மீட்டர், அதன் பிறகு 10 மீட்டருக்கு மேல் என்று மாற்றிச் சொன்னபோது பலருக்குக் கரண்டே இல்லை, டிவி ஓடவில்லை. கமாய்ஷியில் மட்டும் ஆயிரம் பேருக்கு மேல் போய்விட்டார்கள். அதற்கப்புறம்தான் சொல்லும் விதத்தையே மாற்றினார்கள். மிகப் பெரிய நிலநடுக்கம் என்றால் இப்போது முதலில் மீட்டர் கணக்குச் சொல்வதில்லை, "மிகப் பெரிய அலை" என்று மட்டும் சொல்கிறார்கள். டிவியில் செய்தி வாசிப்பவர்களும் பதறாமல் வாசிக்கும் பழக்கத்தை விட்டார்கள். 2024 புத்தாண்டு அன்று நோட்டோ பக்கம் ஆடியபோது என்.எச்.கே. என்ற பொது டிவியில் செய்தி வாசித்த பெண் "உடனே ஓடுங்கள், திரும்பிப் போகாதீர்கள்" என்று கத்தினார். மொழி முழுக்கப் புரியாதவர்கள்கூட அந்தக் குரலைக் கேட்டால் எழுந்துவிடுவார்கள்.

எங்கள் ஊருக்கு வடக்கே உனோசுமாய் என்று ஒரு இடம். லீவு நாளில் அங்கே போனேன். அங்கே கடலுக்குப் பக்கத்தில் நடுநிலைப் பள்ளியும் தொடக்கப் பள்ளியும் இருந்தன. அலை எதுவரை வரும் என்று அரசாங்கம் போட்ட வரைபடத்தில் இரண்டுமே ஆபத்துப் பகுதிக்கு வெளியேதான் இருந்தன. ஆனால் கதாதா என்ற பேராசிரியர் பல வருஷமாக இந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒன்றைச் சொல்லிவந்தார்: வரைபடத்தை நம்பாதே, முடிந்தவரை மேலே போ, முதலில் ஓடுகிற ஆள் நீயாக இரு. அன்று நடுநிலைப் பள்ளிப் பிள்ளைகள் ஓட ஆரம்பித்தார்கள். தொடக்கப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளை மூன்றாவது மாடிக்கு ஏற்றியிருந்தார்கள். அண்ணன் அக்காக்கள் ஓடுவதைப் பார்த்ததும் அவர்களும் இறங்கிச் சேர்ந்துகொண்டார்கள். குறித்துவைத்த இடத்துக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பின்னால் மலைச்சரிவு இடிந்து விழுவதைப் பார்த்ததும் அங்கே நிற்கவில்லை. பெரியவர்கள் சின்னவர்களின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே போனார்கள், அதற்கும் மேலே போனார்கள். முதலில் நின்ற இடம் தண்ணீருக்குள் போய்விட்டது. பிள்ளைகள் ஓடுவதைப் பார்த்து ஊர்க்காரர்களும் பின்னாலேயே ஓடியிருக்கிறார்கள். ஆபத்தைக் கண்ணால் பார்த்தும் அசையாதவன் பக்கத்தில் ஒருத்தன் ஓடினால் ஓடுவான். அதனால் அந்த முதல் ஆள் பெரிய ஆள் அப்பா.

அதே உனோசுமாயில் இன்னொன்றும் நடந்தது, அதை எழுதாமல் விட்டால் பாதிக் கதையாகிவிடும். ஊர் நடுவில் பேரிடர்த் தடுப்பு மையம் என்று ஒரு இரண்டு மாடிக் கட்டிடம் இருந்தது. அது சுனாமிக்கு ஒதுங்கும் இடமே இல்லை. உண்மையான இடம் மேட்டில். வயதானவர்கள் ஒத்திகைக்கு அங்கே ஏறிவரச் சிரமப்பட்டார்கள், ஆட்கள் வருவது குறைந்தது. அதனால் வசதிக்காக ஒத்திகையைக் கீழே இந்த மையத்திலேயே நடத்தினார்கள். அதே மார்ச் மாதத் தொடக்கத்தில்கூட நடந்தது. 11-ஆம் தேதி ஜனங்கள் ஒத்திகையில் பழகிய இடத்துக்கே ஓடிவந்தார்கள். அங்கே 160 பேருக்கு மேல் இறந்தார்கள் என்று ஊர் நிர்வாகத்தின் அறிக்கையே சொல்கிறது. இப்போது அந்த இடத்தில் நினைவிடம். பெயர்களை வாசித்துக்கொண்டு வெகுநேரம் நின்றேன். அவர்கள் எச்சரிக்கையை மதித்தவர்கள், ஓடிவந்தவர்கள். ஒத்திகையை ஒப்புக்குச் செய்தால் அதுவே ஆளைக் கொன்றுவிடும் என்று அங்கேதான் எனக்குப் புரிந்தது.

இந்தக் கரையில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. சுனாமி என்றால் அவரவர் தனித்தனியாக ஓட வேண்டும், யாரையும் தேடிப் போகக் கூடாது. முதலில் கேட்டபோது எனக்குக் கோபமே வந்தது. பெற்ற பிள்ளையை விட்டுவிட்டா ஓடுவது என்று எங்கள் இல்லத்துப் பாட்டி ஒருவரிடம் கேட்டேன். "பிள்ளை தானே ஓடியிருக்கும்னு அம்மாவுக்குத் தெரியணும், அம்மா ஓடியிருப்பாள்னு பிள்ளைக்குத் தெரியணும். அதை முதல்லயே வீட்ல பேசி வச்சுக்கணும்" என்றார். எனக்குச் சித்தி ஞாபகம்தான். பாப்பாவைத் தேடி அவள் திரும்பினாள். பாப்பாவை அதற்குள் ஆயா இடுப்பில் தூக்கிக்கொண்டு பெரிய ரோட்டுக்குப் போய்விட்டது. யாரும் யாரிடமும் பேசி வைத்திருக்கவில்லை. சித்தி மேல் என்ன தப்பு இருக்கிறது? அவளுக்கு அது தெரிய வழியே இல்லை.

இங்கே எல்லாமே சரி என்று நினைக்காதீர்கள். சில இடங்களில் 14 மீட்டருக்கு மேல் சுவர் எழுப்பியிருக்கிறார்கள். அதன் பக்கத்தில் நின்றால் கடல் இருப்பதே தெரியாது. கடலைப் பார்க்காதவனுக்கு அது வருவது எப்படித் தெரியும் என்று மீன்காரர்கள் கேட்கிறார்கள், எனக்கும் அது நியாயமாகத்தான் படுகிறது. தெற்கே ஒனகாவா என்ற ஊரில் பெரிய சுவர் வேண்டாம் என்று சொல்லி, நிலத்தை மண் போட்டு உயர்த்தி, கடல் தெரிகிற மாதிரியே ஊரைத் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். நீங்கள் வந்தால் அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.

மற்றபடி பயத்தோடு யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. சாயங்காலம் ஒலிபெருக்கியில் ஒரு பாட்டு வரும், பிள்ளைகள் விளையாட்டை விட்டு வீட்டுக்குப் போவார்கள். ஒலிபெருக்கி வேலை செய்கிறதா என்பதற்கும் அதுதான் சோதனை. பாட்டியின் கட்டிலுக்கு அடியில் எப்போதும் ஒரு ஜோடி ஷூ இருக்கும். ஆடும்போது கண்ணாடி உடைந்து தரையெல்லாம் கிடக்கும், வெறுங்காலோடு இறங்க முடியாது. பக்கத்திலேயே டார்ச், என்னென்ன மாத்திரை என்று எழுதிய சின்ன நோட்டு. இப்போது என் கட்டிலுக்கு அடியிலும் ஷூ இருக்கிறது.

அதனால் நான் இப்போது வரவில்லை அப்பா. ஆனால் நீங்கள் எனக்காக ஒன்று செய்ய வேண்டும். நம் ஊரில் மலை கிடையாது, ஓடுவதற்கு மேடும் இல்லை. உயரமான, உறுதியான மாடிக் கட்டிடம் எது என்று நீங்களும் தம்பியும் நடந்தே போய்ப் பாருங்கள். மாடிப்படிக் கதவு ராத்திரியில் பூட்டியிருக்குமா, சாவி யாரிடம் என்று கேளுங்கள். அம்மாவுக்கு முட்டி வலி, அவளையும் கூட்டிப்போய் ஒரு தடவை ஏற்றிப் பாருங்கள். ஏற முடியாவிட்டால் வேறு இடம் பாருங்கள், வசதி என்று கிட்டத்தில் இருப்பதைக் குறிக்காதீர்கள். தம்பி பையன் பள்ளிக்கூடத்தில் இருந்தால் டீச்சர் எங்கே கூட்டிப்போவார் என்று தம்பி போய்க் கேட்டுவரட்டும். கேட்டுவிட்டால் யாரும் அவனைத் தேடிப் போக வேண்டாம். அவனிடமும் சொல்லுங்கள், தாத்தா வருவார் என்று நிற்கக் கூடாது.

எச்சரிக்கை வந்து நீங்கள் ஓடி, கடல் சும்மா கிடந்தால் எனக்குப் போன் செய்யுங்கள். எத்தனை தடவை என்றாலும் சரி.

இந்த மாதப் பணம் 25-ஆம் தேதிக்குள் போட்டுவிடுவேன். அதில் அம்மாவுக்கு நல்ல செருப்பு வாங்குங்கள், பின்னால் வார் வைத்தது. எந்தக் கட்டிடம் என்று முடிவு செய்ததும் தம்பியை அதன் மாடியிலிருந்து ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடுகிறேன்.

உங்கள் அன்பு மகள்