முடியை வெட்டினால் வேகமாக வளருமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் மகளிர் இணைப்பிதழில் வெளிவந்த கூந்தல் பராமரிப்புக் குறிப்புகளைப் படித்தேன். 'மாதம் ஒருமுறை நுனியை வெட்டிவிட்டால் முடி வேகமாக வளரும்' என்று அதில் ஒரு வரி இருந்தது. பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் முடி வெட்டுவதுதான் என் தொழில். எல்லோரும் மாதம் தவறாமல் வெட்டிக்கொள்ள வந்தால் எனக்கு வருமானம்தான். ஆனாலும் அந்த வரியைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க மனம் வரவில்லை. நீளக் கூந்தலுக்கு ஆசைப்பட்டு, வளர்ந்ததையெல்லாம் மாதாமாதம் வெட்டிக் கொடுத்துவிட்டு, 'எனக்கு மட்டும் வளரவே மாட்டேன் என்கிறது' என்று கண்கலங்கும் பெண்கள் என் முன்னால் வந்து உட்காருகிறார்கள். அவர்களுக்கு வளரும் முடிதான். வளர விடவில்லை, அவ்வளவே.

முடி வளர்வது தலைத்தோலுக்குள் இருக்கும் வேரில். வெளியே நாம் சீவுவதும் பின்னுவதும் கெரட்டின் என்ற புரதத்தால் ஆன உயிரற்ற இழை. நுனியில் கத்தரிக்கோல் பட்டது வேருக்குத் தெரிய வழியே கிடையாது. சராசரியாக முடி மாதம் ஒரு சென்டிமீட்டர் வளரும்; ஆளுக்கு ஆள் சற்றே கூடும், குறையும். வளர்ந்த அந்த ஒரு சென்டிமீட்டரை மாதக் கடைசியில் வெட்டி எறிந்தால் ஆண்டு முடிவில் நீளம் தொடங்கிய இடத்திலேயே நிற்கும். ஒவ்வொரு முடியும் ஏறக்குறைய 2 முதல் 7 ஆண்டுகள் வரை வளர்கிறது. பிறகு வளர்ச்சி நின்று, மூன்று மாதம் போல ஓய்ந்திருந்து, உதிர்கிறது. ஒருவரின் கூந்தல் முதுகு வரை போகுமா, இடுப்பைத் தாண்டுமா என்பது பெரும்பாலும் இந்த வளர்ச்சிக் காலத்தைப் பொறுத்தது. அது பிறவியில் அமைவது.

அப்படியானால் எதற்காக வெட்ட வேண்டும் என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 60 சென்டிமீட்டர் நீளக் கூந்தலின் நுனிக்கு வயது ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள். அத்தனை காலமும் வெயில், சீப்பு, ஷாம்பு, துண்டின் உரசல், தலையணையின் உரசல் எல்லாவற்றையும் அது தாங்கியிருக்கிறது. முடியின் மேற்பரப்பில் ஓட்டுக் கூரையைப் போல ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்த செதில்கள் உள்ளன. அவை தேய்ந்து உதிர்ந்த பிறகு உள்ளே இருக்கும் நார் பிரிகிறது. இதைத்தான் நுனி வெடிப்பு என்கிறோம். வெடித்த நுனியை நிரந்தரமாக ஒட்டவைக்கும் எண்ணெயோ கிரீமோ இல்லை. சீரம் தடவினால் ஒட்டியது போலத் தெரியும். தலைக்குக் குளித்ததும் பழைய கதைதான். அப்படியே விட்டால் பிளவு மேல்நோக்கி ஏறும்; பக்கத்து முடிகளோடு சிக்கி, இன்னும் உயரத்தில் ஒடியும். அளவாக நுனியை வெட்டுவதால் முடி ஒடியாமல் நிற்கிறது, வளர்ந்த நீளம் கையில் தங்குகிறது. வெட்டியதும் வளர்ந்தது போலத் தோன்றுவதன் காரணம் இதுவே.

எப்போது வெட்டுவது என்பதற்கு நாள்காட்டி வேண்டாம், கண்ணும் விரலும் போதும். நல்ல வெளிச்சத்தில் ஒரு சிறு கற்றையைப் பிடித்து நுனியைப் பாருங்கள். இரண்டாகப் பிரிந்த முடிகள் தெரிகின்றனவா? இழையின் நடுவில் கடுகை விடச் சிறிய வெண்புள்ளிகள் உள்ளனவா? அந்த இடத்தில் முடி நசுங்கி நார் விரிந்திருக்கிறது. இலேசாக வளைத்தாலே ஒடியும். மேலிருந்து கீழே விரலை ஓட்டும்போது வழவழப்பாக வந்தது கடைசியில் சொரசொரப்பாக மாறினால், அந்தச் சொரசொரப்பு தொடங்கும் இடம் வரை வெட்ட வேண்டியிருக்கிறது என்று பொருள். சிக்கெடுத்து முடித்த கொஞ்ச நேரத்திலேயே நுனி மட்டும் மறுபடி பின்னிக்கொள்வதும் அதே அறிகுறிதான். ஒன்றை மட்டும் தவறாகக் கொள்ள வேண்டாம்: பின்னலின் வால் மெலிந்திருப்பது எப்போதும் சேதம் ஆகாது. எல்லா முடியும் ஒரே நாளில் முளைத்தவை அல்ல, அதனால் நீளமும் ஒன்றாக இருக்காது. நுனி வழவழப்பாக, பிளவில்லாமல் மெலிந்திருந்தால் அது இயல்பு. அதற்காக நான்கு விரற்கடை வெட்டச் சொல்பவரிடம் காரணம் கேளுங்கள்.

சுருட்டை முடிக்காரர்களுக்கு இன்னும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அவர்கள் படும் பாடு எனக்குத் தெரியும், என் முடியும் சுருட்டைதான். தலைத்தோலில் சுரக்கும் எண்ணெய் நேரான முடியில் எளிதாக வழிந்து இறங்கும். சுருள் முடியின் வளைவுகளில் அது நுனிவரை போய்ச் சேராது. அதனால் நுனி எப்போதும் வறண்டே இருக்கும். ஒவ்வொரு வளைவும் ஒடியக்கூடிய இடம். போதாக்குறைக்கு ஒற்றை முடியே தன்னைத்தானே முடிச்சுப் போட்டுக்கொள்ளும். இந்த முடியைக் காய்ந்த நிலையில், நெருக்கமான பல் உள்ள சீப்பால், உச்சியிலிருந்து இழுத்துச் சீவினால் என்ன ஆகும்? குழந்தை அழும், முடி ஒடியும். ஒடிந்த சிறு முடிகள் உச்சியில் தூக்கி நிற்கும். அதைப் பார்த்து இன்னும் அழுத்திச் சீவுவார்கள். நேரான முடியை ஈரத்தோடு சீவக் கூடாது, ஓரளவு உலர்ந்த பிறகே சீவ வேண்டும், ஏனெனில் நனைந்த முடி இழுத்தால் நீளும், பலமும் குறையும். சுருட்டை முடிக்கோ ஈரமும் கண்டிஷனரின் வழுக்கலும் இருக்கும்போது, அகலப் பல் சீப்பால் அல்லது விரல்களால், நுனியிலிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே போவதே நல்லது. இந்த வேறுபாட்டைத் தாய்மார்களுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை. 'அடங்காத முடி' என்று குழந்தையின் காதுபடவே சொல்கிறார்கள். அந்த முடியில் அடக்குவதற்கு ஒன்றுமே இல்லை. அது பிறந்த விதத்தில் இருக்கிறது.

வெட்டும் முறையிலும் வேறுபாடு உண்டு. சுருட்டை முடி நனைந்தால் நீண்டு தெரியும், காய்ந்ததும் சுருங்கி மேலே ஏறும். ஈரத்தில் இரண்டு விரற்கடை வெட்டினால் காய்ந்த பிறகு வீட்டில் சண்டையே வரும். ஆகவே உலர்ந்த நிலையில், சுருள் சுருளாகப் பார்த்து வெட்டச் சொல்லுங்கள். வீட்டிலேயே நுனி வெட்டிக்கொள்பவர்கள் தயவுசெய்து காகிதம், துணி வெட்டும் கத்தரிக்கோலை எடுக்காதீர்கள். மழுங்கிய கத்தரி முடியை நசுக்கும். நசுங்கிய நுனி சீக்கிரம் மறுபடி வெடிக்கும். முடி வெட்டுவதற்கென்றே உள்ள கூரான கத்தரிக்கோலால், பிளவுக்கு ஒரு சென்டிமீட்டர் மேலே வெட்டுங்கள். நீளம் குறையக் கூடாது என்பவர்கள் சிறு கற்றையை முறுக்கிப் பிடித்து, முறுக்கிலிருந்து துருத்தி நிற்கும் வெடித்த நுனிகளை மட்டும் நறுக்கலாம். பொறுமை வேண்டும், ஆனால் பலன் உண்டு.

இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் இந்தக் கடிதம் முழுமையாகாது. சீப்பில் வரும் முடியை எடுத்துப் பாருங்கள். ஒரு முனையில் சிறிய வெள்ளைக் குமிழ் இருந்தால் அது வேரோடு உதிர்ந்த முடி. ஒரு நாளைக்கு 50 முதல் 100 வரை அப்படி உதிர்வது இயல்பு. குமிழ் இல்லாமல் குட்டையாக வந்தால் ஒடிந்தது. ஒடிவதற்குத்தான் கத்தரியும் பராமரிப்பும் உதவும். உதிர்வது மிகுந்தால் என்னைப் போன்றவர்களால் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. கடும் காய்ச்சலோ பிரசவமோ கழிந்து இரண்டு மூன்று மாதங்களில் கொத்துக் கொத்தாக உதிரலாம். பெரும்பாலும் தானே சரியாகும். இரும்புச் சத்துக் குறைவும் தைராய்டு கோளாறும் காரணமாக இருக்கலாம். வட்ட வட்டமாகச் சொட்டை விழுந்தாலோ, இறுக்கிக் கட்டும் பழக்கத்தால் நெற்றியோரம் முடி பின்வாங்கினாலோ, தோல் மருத்துவரைப் பார்க்கத் தள்ளிப்போடாதீர்கள். நெடுங்காலம் இழுபட்ட வேர் பிறகு முளைக்காமலே போய்விடக்கூடும். இப்படி வருபவர்களிடமும் 'வெட்டிவிட்டால் சரியாகிவிடும்' என்று சொல்லும் சக தொழிலாளர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த வருத்தம்.

எனவே ஆசிரியர் அவர்களே, அந்தக் குறிப்புக்கு ஒரு திருத்தம் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். முடிந்தால் அடுத்த இணைப்பிதழில் உதிர்ந்த முடியையும் ஒடிந்த முடியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பெரிதாக்கிய ஒரு படத்தையும், தோல் மருத்துவர் ஒருவரின் விளக்கத்தையும் போடுங்கள். அந்தப் பக்கத்தை வெட்டி என் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டிவைக்க நான் தயாராக இருக்கிறேன்.

இப்படிக்கு,
முடி திருத்தும் தொழில் செய்யும் தங்கள் வாசகி